வெள்ளைக் கோடு

பீர் முஹம்மது மேஸ்திரி செருப்பை வாசற்படிக்கு வெளியே விட்டார். தோள் துண்டால் இரண்டு பாதங்களையும் துடைத்துக்கொண்டார். பிறகு, யாருடைய படுக்கையிலோ ஏறுகிறவரின் கூச்சத்தோடு குளியல் தொட்டிக்குள் ஏறி நின்றார்.

"இப்ப பாரும்மா. என்னெ பாக்காத, சந்த பாரு."

லூயிசா குனிந்தாள். தொட்டியின் விளிம்பும் சுவரும் சேரும் இடத்தில் அவள் கையால் வைத்து அடைத்த மக்குப் பசை வெள்ளைக் கோடாக ஓடியது. இரண்டு ஆண்டுகளாக அவள் காத்துவரும் கோடு. அதன் நடுவில் தலைமயிர் அளவுக்கு ஒரு கறுப்பு இழை தெரிந்தது. சற்று முன்பு அது இல்லை. மேஸ்திரி ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்தார், இழை மெலிந்தது. மறு காலையும் எடுத்தார், கோடு மூடிக்கொண்டது. ஏதோ சொல்ல வந்து வேண்டாமென்று நிறுத்திக்கொண்ட வாயை அவள் அதில் கண்டாள்.

"நான் ஒத்த ஆளு, எலும்பும் தோலும். தண்ணி ரொப்பி ஐயாவும் உள்ள குந்தினா இன்னா ஆவும்? வாயத் தொறந்து குடிக்கும். அவரு எந்திரிச்சி தண்ணியத் தொறந்து வுட்டதும் மூடிக்கும். நீ வந்து பாக்கசொல்ல ஒண்ணுமே தெரியாது."

"மாசா மாசம் பழசைச் சுரண்டிட்டுப் புதுசா அடைக்கிறேனே மேஸ்திரி."

"காலித் தொட்டிலதான?"

"காய வச்சு, ஈரம் போகத் துடைச்சு..."

"அதான் தப்பு. ரொப்பி வச்சிகினு அடைக்கணும். தொட்டி எறங்கற மட்டும் எறங்கி நிக்கசொல்ல சந்துல மக்கு வைக்கணும். அது இறுகற வரைக்கும் தண்ணிய எடுக்கப்படாது." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "வேலை சுத்தமாத்தான் கீது. எங்க பெயிண்டருங்களே இவ்ளோ நேரா இழுக்க மாட்டாங்க."

குற்றம் சொன்னதைவிட அந்தப் பாராட்டுதான் அவளைத் தைத்தது.

சாந்தோமில் கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு வீடு உள்ளே தள்ளியிருந்த அந்த மாடி வீட்டை, முன்பு குடியிருந்த வெள்ளைக்காரக் குடும்பம் சீமைக்குப் போனபோது அவள் கணவன் ஆம்ப்ரோஸ் வாடகைக்கு எடுத்தான். துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா அவன். கடல் காற்றோ, மாடியின் பச்சை ஜன்னல்களோ அவனை இழுக்கவில்லை. வார்ப்பிரும்பில் செய்து வெள்ளை எனாமல் பூசிய அந்தத் தொட்டிதான் இழுத்தது. சனி, ஞாயிறுகளில் அரை மணி நேரம் அதில் கிடப்பான். விருந்தாளிகள் வந்தால் மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டுவான். "இந்த ஓரம் பாருங்க, லூயி கைவேலை. ஒரு சொட்டு இறங்காது." அப்போது அவள் கதவோரமாக நின்று தரையைப் பார்ப்பாள். ஒன்பது வருட மண வாழ்க்கையில் அவளுடையது என்று அவன் பிறருக்குக் காட்டிய ஒரே பொருள் அந்தக் கோடுதான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

ஜன்னல் கண்ணாடிக்கு மக்கு வைக்க வந்தவனைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை அது. வெள்ளை ஈயப் பொடியையும் சீமைச் சுண்ணாம்பையும் கலந்து, ஆளிவிதை எண்ணெய் விட்டு, பூரிக்குப் பிசைவதுபோல அடித்துப் பிசைவாள். விரல் கனத்துக்கு உருட்டி, இடுக்கில் வைத்து அழுத்தி, மொட்டைக் கத்தியை எண்ணெயில் தோய்த்து ஒரே இழுப்பாக இழுப்பாள். அந்த இழுப்பின்போது மூச்சு விடமாட்டாள். கண்ணாடி இருந்த இடத்தில் இருக்கும், தொட்டி இறங்கும். இந்த வித்தியாசத்தை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

மேஸ்திரியை அவள் வரவழைத்தது தொட்டிக்காக அல்ல. கீழே, சரியாகக் குளியலறைக்கு அடியில் இருந்த அறையின் கூரையில் ஒரு கறை விழுந்திருந்தது. அந்த அறையில்தான் ஐரின் படுத்திருந்தாள். ஆம்ப்ரோஸின் தங்கை, தலைப்பிரசவத்துக்கு வந்தவள். தாய் தகப்பன் இல்லாததால் அண்ணன் வீடே பிறந்த வீடு. எட்டு மாதம் முடிந்துவிட்டது. "அண்ணி, நான் வந்தப்போ அந்தக் கறை உள்ளங்கை அளவுதான் இருந்துச்சு. இப்ப பாருங்க, தாம்பாளம். எனக்குப் போட்டியா அதுவும் வளருது," என்று வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள். ஈஸ்டருக்கு முந்தைய அந்தப் பெரிய வியாழன் காலையில் ஐரின் கொல்லைப்பக்கம் வெயில் காயப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் லூயிசா மேஸ்திரியைக் கீழ் அறைக்கு அழைத்துப்போனாள்.

அவர் முக்காலியில் ஏறி, சுவருக்குள் நுழையும் இடத்தில் உத்திரத்தை உளியால் குத்தினார். தேக்கு. உளி சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது நுனியில் ஈரமான கறுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை மோந்து பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார். ஊறவைத்த ரொட்டியின் புளித்த வாடை.

"இங்க யாரு படுக்கறாங்க?"

"என் நாத்தனார்."

"புள்ளத்தாச்சி ஒண்ணு வெளிய குந்திகினு இருந்திச்சே, அதுவா?" அவர் முக்காலியிலிருந்து இறங்கினார். "இங்க வேணாம்மா. வேற ரூமுல படுக்கட்டும். நாளைக்குத் தொழுகை முடிச்சிகினு கம்பம் கொண்டாறேன். முட்டுக் கொடுத்து ஆப்பு வச்சி அடிச்சிட்டுப் போறேன். அது வரைக்கும் தொட்டில தண்ணி ரொப்பக்கூடாது. ஐயா கிட்ட சொல்லு."

"எவ்வளவு நாள் தாங்கும்?"

"கட்டை சொல்லிட்டா உழும்?" என்றார் மேஸ்திரி.

வேறு அறை என்றால் எது? கீழே மிச்சம் இருந்தது சமையலறையும், ஆம்ப்ரோஸின் நாற்காலிகள் நிறைந்த முன்கூடமும்தான். மாடியில் கடலைப் பார்த்த அறை ஒன்று இருந்தது. அது லூயிசாவின் அறை. ஐரின் வந்த அன்றே ஆம்ப்ரோஸ், "அவளை அந்த ரூம்ல விட்டா என்ன, காத்து வரும்," என்றான். "எட்டாம் மாசத்துல படி ஏறி இறங்கலாமா?" என்று லூயிசா சொன்னாள். அது நியாயமான பேச்சு. யார் கேட்டாலும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அதைச் சொன்ன வேகம் அவளுக்கு இன்னும் நினைவிருந்தது. அந்த அறையில் மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல், கட்டுமரங்கள் கரையேறுவதைப் பார்ப்பாள். குழந்தை பிறந்தால் ஐரினும் தொட்டிலும் அங்கே வரும், வந்தால் போகாது. நாற்பது நாள் என்பார்கள்; பிறகு ஆறு மாதம் என்பார்கள். அந்த ஜன்னலடியில் பால் வாடையும் ஈரத்துணியும் நிறைவதை அவள் முன்பே பார்த்துவிட்டாள். தான் எந்தப் பெண்ணுக்கும் கெடுதல் நினைக்கிறவள் அல்ல என்று சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே அவளை உறுத்தியது.

வெள்ளி உபவாசம், அன்று ஆம்ப்ரோஸ் குளிக்கமாட்டான். தண்ணீர் இல்லையென்றால் பாரம் இல்லை. பாரம் இல்லையென்றால் உத்திரம் இரண்டு வருடமாக நின்றதுபோல் இன்னும் ஒரு நாள் நிற்கும். நாளை மதியம் மேஸ்திரி வந்துவிடுவார்.

மாலையில் ஆம்ப்ரோஸ் காலரைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "மேஸ்திரி வந்தானா?"

"வந்தார். சின்ன வேலைதானாம். ஒரு கம்பம் முட்டுக் கொடுக்கணும்னார்."

"கறை எதனால?"

"பழைய கட்டடம். மழைத் தண்ணி இறங்கியிருக்கும்."

அவன் தலையை ஆட்டிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தான். பொய் எவ்வளவு எளிதாக உட்கார்ந்துகொண்டது என்று லூயிசா வியந்தாள். கத்தியை ஒரே இழுப்பாக இழுத்தது போலிருந்தது.

பெரிய வெள்ளி மதியம் தெருவே வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தது. வியாழன் பூசையோடு மாதா கோவில் மணிகள் நின்றுவிட்டன. நேரம் அறிவிக்க மரப்பலகையைத் தட்டிக்கொண்டு ஒருவர் போனார். இரண்டு மணிக்கு ஆம்ப்ரோஸ் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தபோது, பீர் முஹம்மது சவுக்குக் கம்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மறு கையில் சுத்தியலும் இரண்டு மர ஆப்புகளும் இருந்தன.

"இன்னைக்கா வந்தீங்க?" ஆம்ப்ரோஸின் குரல் பதறியது. "மேஸ்திரி, இன்னைக்கு என்ன நாள் தெரியுமா? இன்னைக்கு இந்த வீட்ல சுத்தியல் சத்தம் கேக்கக்கூடாது. ஆண்டவரை ஆணி அடிச்ச நாள்."

"ஆணி இல்லீங்க தொர. ஆப்பு. மரத்துல மரம். நாலு அடி, முடிஞ்சிது."

"சத்தம் ஒண்ணுதான். எங்க அப்பா காலத்துல இந்த நாள்ல தேங்காய்கூட உடைக்கமாட்டாங்க."

மேஸ்திரி அவன் தோளுக்கு மேலாக லூயிசாவைப் பார்த்தார். 'நீ சொல்லவில்லையா' என்று அந்தப் பார்வை கேட்டது. கறுப்புப் புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு அவள் நின்றாள். ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் மழைத் தண்ணீர் என்று சொன்னது வரும். வெள்ளைக் கோடு வரும். மாடி அறை வரும். ஆம்ப்ரோஸ் கோவிலுக்குப் போகிற முகத்தோடு அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான்.

"நாளைக்கு வாங்க மேஸ்திரி," என்றாள்.

"நாளைக்கு காலீல சைதாப்பேட்டைல தளம் போடறாங்க. பத்து மணிக்கு மேலதான் வர முடியும்." சற்று நின்றார். "கம்பத்த உள்ள வச்சிட்டுப் போறேன். அம்மாக்கு எல்லாம் தெரியும்."

அவர் போன பிறகு ஆம்ப்ரோஸ் கேட்டான்: "என்ன தெரியும் உனக்கு?"

"கம்பம் எங்க நிக்கணும்னு," என்றாள் லூயிசா.

பெரிய சனிக்கிழமை காலை பூசையில், குளோரியா என்னும் மகிமைப் பாடலைப் பாடும்போது, மூன்று நாளாக ஊமையாயிருந்த மணிகளெல்லாம் ஒன்றாக அடிக்கும். அந்த நேரத்தில் தலையில் தண்ணீர் படவேண்டும் என்பது ஆம்ப்ரோஸ் குடும்பத்து வழக்கம். போர்த்துகீசியர் நாளிலிருந்து வருவது என்பான். அவனுடைய அப்பா கிணற்றடியில் குடத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணிக்காகக் காத்திருப்பாராம். ஆம்ப்ரோஸ் தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டு காத்திருப்பான். லூயிசாவுக்கு இது தெரியாததல்ல. தெரிந்த ஒன்றை, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பதுபோல, இரண்டு நாளாகப் பார்க்காமல் இருந்தாள். எட்டரை மணிக்குச் சமையலறைக்கு வந்தபோது கொல்லை அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. தேசம்மா இடுப்பில் முதல் குடத்தோடு மாடிப்படியில் கால் வைத்திருந்தாள்.

"யாரு தண்ணி போடச் சொன்னது?"

"ஐயாதான். இன்னாம்மா புச்சா கேக்கற?" மீனவக் குப்பத்திலிருந்து வேலைக்கு வரும் தேசம்மா நின்று மூச்சு வாங்கினாள். "பதினாலு கொடம். எங்கூட்டு ஆம்பளைக்கி கடல் கீது, போய் உழுந்து எந்திரிச்சி வர்றான். உங்கூட்டு ஆம்பளைக்கி நான் கடல இடுப்புல தூக்கிகினு வரவேண்டிகீது."

லூயிசா மாடிக்குப் போனாள். ஆம்ப்ரோஸ் தோளில் துண்டோடு, சிறுபிள்ளையின் உற்சாகத்தோடு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னைக்கு ஒரு நாள் கீழே குளிச்சுக்கங்களேன்."

"ஏன்?"

"மக்கு காயலை."

"எப்ப வச்சே?"

"வியாழக்கிழமை."

"ரெண்டு நாள் ஆச்சே லூயி. உன் கைவேலையை நானே நம்பலைன்னா வேற யார் நம்புவா?" அவள் கன்னத்தைத் தட்டினான். தொட்டிக்குள் குடம் கவிழ்ந்தது. தண்ணீர் எனாமலில் விழுந்த ஓசை முதலில் தகரத்தில் விழுவதுபோலக் கலகலத்தது. அடுத்தடுத்த குடங்களில் அது கனத்து, தாழ்ந்து, கடைசியில் தொண்டைக்குள் பேசுவதுபோல் ஆயிற்று.

இப்போதும் சொல்லலாம். ஆனால் இப்போது சொன்னால், வியாழக்கிழமை ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். வியாழன் மாலை அது சின்னச் சொல்லாயிருந்தது. வெள்ளி மதியம் கொஞ்சம் பெரிதானது. இன்று வாய்க்குள் அடங்காத அளவுக்கு ஊறிப் பருத்துவிட்டது. சொல்லாமலே செய்துவிட முடிந்த ஒன்று மிச்சமிருந்தது: ஐரினை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடுவது. மணி அடிக்கும். அவன் குளித்து எழுவான். பத்து மணிக்கு மேஸ்திரி வருவார். ஆப்பு அடிப்பார். யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. எட்டாவது குடம் அவளைக் கடந்து மேலே போனபோது அவள் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஐரின் கட்டிலில் மல்லாந்து படுத்து, கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சவுக்குக் கம்பம் மூலையில் சாய்ந்திருந்தது. சுத்தியலை மேஸ்திரி எடுத்துப்போய்விட்டார். ஆப்புகள் மட்டும் ஜன்னல் விளிம்பில் இருந்தன.

"அண்ணி, இந்தக் கட்டை முனகுது. கேளுங்களேன். இப்பத்தான் ஆரம்பிச்சுது."

"எழுந்திரு. வெளிய போலாம்."

"மணி அடிக்கட்டுமே."

"அங்க போய்க் கேக்கலாம். எழுந்திரு ஐரின்!"

"என்னை எழுப்ப ரெண்டு ஆள் வேணும் அண்ணி," என்று சிரித்துக்கொண்டு கைகளை நீட்டினாள். லூயிசா அவள் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். இந்த ஒரு மாதத்தில் ஐரினை அவள் தொட்டதில்லை. வயிறு தன் மேல் சாய்ந்தபோது, உள்ளே எதுவோ ஒரு முறை புரண்டு அவளுடைய விலா எலும்பில் இடித்தது. "பாத்தீங்களா, உங்களை உதைக்குது," என்றாள் ஐரின். லூயிசா அவளை இழுக்காத குறையாக நடத்திக்கொண்டு கொல்லைப்பக்கத் துவைகல் வரைக்கும் கொண்டுபோனாள்.

அங்கே நின்றபோதுதான் மூச்சு வந்தது. ஐரினின் ஈரமான கை தன் கைக்குள் இருந்தது. இந்தக் கைக்காக எந்த அறையையும் கொடுத்துவிடலாம் என்று அந்த நிமிடம் தோன்றியது. அது உண்மையாகவும் இருந்தது. தேசம்மா காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்து, "பதினாலும் ஆச்சு. என் இடுப்பும் போச்சு," என்றாள். கோவில் பக்கமிருந்து ஒரு மணி தயங்கினாற்போல அடித்தது. உடனே எல்லா மணிகளும் சேர்ந்துகொண்டன. சின்ன மணிகள் சிதறின. பெரிய மணி அவற்றுக்கடியில் தரையை உலுக்கியது. ஐரின் சொம்பில் தண்ணீரை மொண்டு தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். "அண்ணி, குனிங்க, குனிங்க!" என்று கூவி, அவள் உச்சந்தலையிலும் ஊற்றினாள். சில்லென்ற தண்ணீர் கண்ணில் வழிந்தது. லூயிசா அதைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

திறந்திருந்த கதவு வழியாக ஐரினின் கட்டில் தெரிந்தது. வெறும் கட்டில். வெள்ளை விரிப்பின் நடுவே, யாரோ கோலப்பொடியால் இழுத்ததுபோல, நேரான ஒரு கோட்டில் சுண்ணாம்புத் தூள் விழுந்துகொண்டிருந்தது. மேலே, குளியலறை ஜன்னல் வழியாக, ஆம்ப்ரோஸ் தொட்டிக்குள் இறங்குகிற சளப்பென்ற ஓசை கேட்டது. தொடர்ந்து அவனுடைய பாட்டு.

மேஸ்திரி கீழே யார் படுக்கிறார்கள் என்று கேட்டார். அதையே மூன்று நாளாக அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். மேலே யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

"தேசம்மா, ஓடு! ஐயாவை வெளிய வரச் சொல்லு. உடனே!"

தேசம்மா அந்தக் குரலைக் கேட்டு எதுவும் கேட்காமல் ஓடினாள். படியில் அவள் காலடிகள் தடதடத்தன. கதவைத் தட்டினாள், கத்தினாள். எல்லாம் மணியோசைக்குள் போய் விழுந்தன. "உள்ள தாப்பா போட்டுகினு பாடிகினு கீறாரு யம்மா! காதுலயே உழல!"

லூயிசா அறைக்குள் ஓடினாள். "அண்ணி, எங்க போறீங்க?" என்று ஐரின் பின்னால் வந்தாள். "உள்ள வராதே! அங்கேயே நில்லு!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஐரின் கதவருகில் அப்படியே நின்றுவிட்டாள். லூயிசா கட்டிலைக் காலால் தள்ளிவிட்டு, சவுக்குக் கம்பத்தைத் தூக்கி நிறுத்தினாள். நினைத்ததைவிடக் கனமாயிருந்தது. அது எங்கே நிற்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். உத்திரத்தின் அடியில் நட்டபோது இரண்டு விரல் இடைவெளி இருந்தது. ஒரு ஆப்பை அடியில் செருகினாள். தோளால் கம்பத்தைத் தாங்கிக்கொண்டு, கதவு மூடாமலிருக்க வைத்திருந்த பழைய அம்மிக் குழவியைக் காலால் இழுத்து, ஒரு கையால் தூக்கினாள். பெரிய வெள்ளி முடிந்துவிட்டது. அடிக்கலாம்.

அடித்தாள். கம்பம் கிரீச்சிட்டது. அவள் முகத்தில் சுண்ணாம்பு கொட்டியது. இடைவெளி ஒரு விரலாயிற்று.

இரண்டாவது அடி. மேலே பாட்டு நின்றது.

"லூயி?" தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல அவன் குரல் கேட்டது. "லூயி, என்ன சத்தம் அது?" தொட்டிக்குள் தண்ணீர் ஒரு பக்கமாகப் புரண்டது. அவன் எழுந்திருக்கிறான்.

"அசையாதீங்க!" என்று கத்தினாள். எழுந்து ஓடுங்கள் என்று கத்துவதா, அசையாதீர்கள் என்று கத்துவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பெரிய மணி அதையும் விழுங்கிக்கொண்டது. மூன்றாவது அடிக்குக் குழவியை ஓங்கியபோது, கம்பத்தைப் பிடித்திருந்த அவளுடைய இடது கையில் ஏதோ ஊர்ந்தது. நிமிர்ந்து பார்த்தாள். உத்திரத்திலிருந்து ஒரு தண்ணீர் இழை இறங்கி, சவுக்குப் பட்டையின் வரிகளில் வளைந்து வளைந்து வழி தேடிக்கொண்டு வந்து, அவள் விரல் இடுக்குகளில் நிறைந்து, மணிக்கட்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.